மழைக்குப் பிடிக்கும் கதவு

வாங்கண்ணா, வாங்க. இந்த வூடுதான். ஒரு நிமிஷம், அங்கேயே நில்லுங்க. நான் உள்ளேயிருந்து இழுக்கறேன், நீங்க வெளியேயிருந்து கீழ்மூலையில் காலால் ஒரு உதை விடுங்க. பாவபுண்ணியம் பார்க்காதீங்க, பலமா விடுங்க. ஆங்! திறந்துடுச்சு பார்த்தீங்களா? இதுதான் கேஸு. மழை பெய்ஞ்சா இப்படித்தான். பால் ஊத்தற அக்காதான் உங்க நம்பர் குடுத்தாங்க. 'நல்ல ஆசாரி, சொன்ன நேரத்துக்கு வருவார்'னாங்க. எனக்குச் சிரிப்பு. நானே ஆசாரி வூட்டுப் பொண்ணுங்கண்ணா, ஆசாரி சொன்ன நேரம் எதுன்னு எனக்குத் தெரியாதா?

உட்காருங்க, டீ கொதிக்குது. ஏய் சஷ்மி, மாமா பைக்குள்ளே கை விடாதே, உளி இருக்கும். எம் பொண்ணுங்கண்ணா. ஆசாரிப் பையைக் கண்டா இவளுக்குக் கை நிக்காது. இவ அப்புச்சி, அதான் எங்கப்பா, வர்றப்பவெல்லாம் பைக்குள்ளே உளிக்கும் இழைப்புளிக்கும் நடுவுல பொரி உருண்டை வெச்சுக் கொண்டு வருவார். மரத்தூள் ஒட்டின பொரி உருண்டை. தட்டிட்டுத் திம்பா.

ஐயையோ, இருங்க, கதவைக் கழட்டிறாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணணும் நீங்க. கதவை நல்லாப் பார்த்துட்டு, எங்கக்காகிட்டப் போன்ல ரெண்டு வார்த்தை பேசணும். 'ஏம்மா, நான் ஆசாரி பேசறேன், இது மோசமான கதவு, மழைக்கு மழை ஆள் வந்து பார்த்தே ஆகணும்'னு சொல்லணும். அவ்வளவுதான். சிரிக்காதீங்கண்ணா. அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் உங்களை அவசரமா வரச் சொன்னதே. எங்கப்பா கருமாதியன்னைக்கு அவ எங்கிட்டப் பேச்சை நிறுத்தினவ. நான் போன் பண்ணினா எடுப்பா, 'என்ன'ம்பா, வெச்சிடுவா. எனக்குன்னு பொறந்த வூட்டுப் பக்கம் மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான்.

என்ன சண்டைன்னு தெரிஞ்சாத்தானே நீங்களும் பேச முடியும்? டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க.

எங்கப்பா பேரு வையாபுரி. முத்தூர்ப் பக்கம் போய் வையாபுரி ஆசாரின்னு கேட்டீங்கன்னா உங்களைக் கூட்டிட்டுப் போய் அவர் வெச்ச வாசல் நிலையைக் காட்டுவாங்க. நான் ரெண்டாவது படிக்கறப்ப எங்கம்மா மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்துட்டாங்க. அக்கா பூங்கொடி அஞ்சாவது. எங்கத்தை வந்து நின்னுக்கிட்டு, 'ஏன்டா வையாபுரி, ரெண்டும் பொட்டைப்புள்ளைக. தலை பின்னி விடத் தெரியுமாடா உனக்கு? பேசாம ஒருத்தியைக் கட்டிக்க'ன்னாங்க. அதுக்கு எங்கப்பா, 'கட்டில் பின்னத் தெரியுது, சடை பின்னத் தெரியாதா?'ன்னார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

பின்னினார்ங்கண்ணா. என்னா இறுக்கம்! சிரிச்சாக் கண்ணு இழுக்கும். வகிடு எடுக்கறதுக்கு முன்னாடி, மரத்துல நூல் அடிக்கறதுக்கு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாங்களே, அப்படிப் பார்ப்பார். ரெண்டு சடையும் ஒரே நீளம் இருக்கான்னு அளவுகோலை வெச்சுப் பார்த்துட்டுத்தான் ரிப்பன் கட்டுவார். ஸ்கூல்ல புது டீச்சர் வந்தாக்கூட வகிட்டைப் பார்த்தே 'ஆசாரி பொண்ணா நீ?'ம்பாங்க.

பாலக்காட்டுப் பக்கம் பெரிய பங்களா வேலை வந்தது. ஒரு வருஷ வேலை, கூட இருந்தவங்கெல்லாம் போயிட்டாங்க. இவர் போகலை. 'பொழுது இறங்கறதுக்குள்ளே சைக்கிள்ல வூடு வந்து சேர முடியற வேலையாப் பாருங்க'ன்னுட்டார். மேஸ்திரி கேலி பண்ணுவாராம், 'வையாபுரி, உனக்குப் பொண்டாட்டியே இல்லை, எவளுக்குடா பயந்து ஓடறே?'ன்னு. 'வூட்டுல ரெண்டு பேரு இருக்காங்க, லேட்டானாச் சோறு போட மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு வந்துடுவார். சோறு பொங்கறதே இவர்தான்.

குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். விளக்கு வெச்சா வூட்டுல இருப்பார். இழைப்புச் சுருளைத் தண்ணி அடுப்புல போட்டு வென்னி காய வெச்சுட்டு, நாங்க ரெண்டு பேரும் பாடம் படிக்கறதைக் கேட்டுக்கிட்டே உளி தீட்டுவார். அவருக்கும் எங்களை விட்டா யாரும் இல்லை. அவரா ஒருத்தர்கிட்டப் போய் நின்னு பேசிப் பார்த்ததில்லை. சாவு வூட்டுக்குப் போனாக்கூட, பந்தக்கால் ஆடுதான்னு பார்த்து இறுக்கிக் கட்டிட்டு வந்துடுவார். கையில் ஒரு வேலை இல்லாம ஒரு இடத்துல நிக்கவே தெரியாத மனுசன்.

அக்காவைக் கோயம்புத்தூர்ல குடுத்தது. என்னை இங்கே. எங்க வூட்டுக்காரர் போர் போடற ரிக் வண்டியில் இருக்கார், இப்ப சத்தீஸ்கர் பக்கம். இங்கே மழைன்னா அங்கே வேலை ஜோரு. வருவார், மாசக் கணக்கு ஆகும். எனக்கென்னங்கண்ணா, போன் இருக்கு, டிவி இருக்கு, பாப்பா இருக்கு. பக்கத்து சைட்டெல்லாம் காலியாத்தான் கிடக்கு, அதனாலென்ன? பழகிப் போச்சு. பால் ஊத்த வர்ற அக்காகிட்டக் கொஞ்ச நேரம் பேசுவேன். கேஸ் சிலிண்டர் போடற தம்பிகூட, 'அக்கா, நேரமாகுது, மீதிக் கதையை அடுத்த சிலிண்டருக்குச் சொல்லுங்க'ன்னு ஓடுவான். இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுங்களா? இருக்கு, இருக்கு, நிறையத்தான் வெச்சேன்.

இந்த வூடு கட்டினப்ப, 'கதவும் ஜன்னலும் என்னோட சீரு'ன்னு சொல்லிட்டார் அப்பா. எங்க தோட்டத்து வேம்பு. அறுத்து, காய வெச்சு, அவரே செஞ்சு லாரியில் ஏத்திக்கிட்டுக் கூடவே வந்தார். வந்து மாட்டிட்டுப் போனாரா? அந்த வருஷ மழைக்கே கதவு பிடிச்சுக்கிச்சு. போன்ல சொன்னேன். அடுத்த நாளே பையைத் தூக்கிட்டு வந்துட்டார், ஈரோட்டுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து இங்கே ஒரு பஸ்.

அதுலேயிருந்து மழை பெய்ஞ்சாப் பிடிக்கும். பிடிச்சா வருவார். வந்து இழைப்பார், சரியாப் போகும். அடுத்த மழைக்குத் திரும்பப் பிடிக்கும்.

இதுல ஒரு கூத்து கேளுங்க. வேலைக்கு வந்த ஆள் வந்ததும் வேலையைப் பார்க்கணுமில்ல? மாட்டார். காலையில் வந்து இறங்குவார், சாப்பிடுவார், பாப்பாவை முதுகுல ஏத்திக்கிட்டுக் காலி சைட்டையெல்லாம் சுத்திக் காட்டுவார். மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்குவார். பொழுது சாயற நேரத்துக்கு எழுந்து, 'அப்பறம் கண்ணு, கதவைக் கழட்டலாமா?'ம்பார்.

'ஏம்ப்பா, காலையிலேயே கழட்டியிருந்தா இந்நேரம் மாட்டியிருக்கலாமில்ல?'ன்னா, 'வெயில் இறங்கட்டும் கண்ணு. வெயில்ல மரம் பொய் சொல்லும்'பார். கழட்டிச் சுவத்துல சாய்ச்சு வெச்சு, நாலு இழைப்பு இழைக்கறதுக்குள்ளே இருட்டிடும். 'இனி நாளைக்குத்தான்'பார். அப்பறம் வாசல்ல என் பழைய சேலையைக் கட்டித் தொங்க விட்டுட்டு, நிலைக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்குவார். 'கதவில்லாத வூட்டுல புள்ளைகளை விட்டுட்டு எப்படிப் போறது?'ன்னு. நானும் பாப்பாவும் உள்ளே படுத்தா, கதவு இருந்தாக்கூட அப்படி ஒரு தூக்கம் வராதுங்கண்ணா.

மத்தபடி தங்கவே மாட்டார். அதுல ரொம்ப ரோசம். தீபாவளிச் சீர் கொண்டு வந்தா, வாசல்லேயே குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். 'ஒரு நாள் இருந்துட்டுப் போங்கப்பா'ன்னா, 'பொண்ணு குடுத்த வூட்டுல சும்மா உட்கார்ந்து சோறு தின்னா நல்லாருக்குமா? நாலு பேர் என்ன பேசுவாங்க?'ம்பார். இங்கே எந்த நாலு பேரு? சுத்தி வேலிக்கருவை முள்ளுதான் இருக்கு. ஆனா வேலைன்னு வந்தாத் தங்குவார். வேலை செய்யறவன் சாப்பிட்டாத் தப்பில்லையாம்.

அக்கா வூடு அப்பார்ட்மெண்ட். அங்கே கதவெல்லாம் கம்பெனியில் செஞ்சு வந்தது, விரலால் தள்ளினா மூடிக்கும். அப்பா அங்கே போயிருக்கார். போனதும் ஒவ்வொரு கதவாத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாராம். சமையல்கட்டு அலமாரி, பாத்ரூம், பால்கனி ஒண்ணு விடலை. அத்தனையும் பார்த்து முடிச்சுட்டு, பையை மடியில் வெச்சுக்கிட்டுச் சோபா நுனியில் உட்கார்ந்துட்டு, 'எல்லாம் நல்லாருக்குது கண்ணு. அப்ப நான் கிளம்பறேன்'னு சாயங்கால பஸ்ஸுக்கே வந்துட்டாராம். அக்கா அழுதுக்கிட்டே எனக்குப் போன் பண்ணினா. 'நான் மீன் வாங்கிட்டு வர ஆள் அனுப்பியிருந்தேன்டி, அதுக்குள்ளே போயிட்டாரு'ன்னு. நான் என்ன பண்ணட்டும்? அவ கதவு நல்ல கதவு.

அதைத்தான் கருமாதியன்னைக்குப் பிடிச்சுக்கிட்டா. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்காங்க. 'உசுரோட இருந்தவரை அப்பனை நீயே வெச்சுக்கிட்டேடி. உன் வூட்டுல மழைக்கு மழை படுத்து எழுந்தாரு. என் வூட்டுல ஒரு ராத்திரி தலையைச் சாய்ச்சிருப்பாரா? உன்னைத்தான் அவருக்குப் பிடிக்கும்'னு சத்தம் போட்டா. 'இல்லக்கா, அவரு கதவுக்கு வந்தாரு'ன்னேன். 'கதவாம் கதவு! யாருக்குடீ காது குத்தறே?'ன்னு இலையை மடிச்சுட்டு எழுந்து போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, கதவு பிடிச்சா ஆசாரி வரத்தானே செய்வார்? அதைத்தான் நீங்க ஒரு வார்த்தை சொல்லணுங்கறேன். நான் சொன்னாப் பொய்யி. நீங்க மூணாவது மனுசன், அதுலேயும் தொழில் தெரிஞ்சவர். அவளும் ஆசாரி பொண்ணுதான், ஆசாரி சொன்னாக் கேட்டுக்குவா.

ஒண்ணு உண்டுங்கண்ணா, இதை உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? கடைசியில் எங்கப்பாவுக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு. ஊருக்கெல்லாம் செஞ்ச கை. இழைச்ச கதவு அடுத்த மழைக்குத் தாங்கலைன்னா என்ன அர்த்தம்? போன ஐப்பசிக்கு வந்தார். மழையில் நனைஞ்சு, ஒரே இருமல். பஸ் ஸ்டாண்டுலேயிருந்து பையைச் சுமந்துக்கிட்டு நடந்து வந்திருக்கார். எனக்குப் பார்க்கவே மனசு தாங்கலை. அன்னைக்கு அவர் கதவை மாட்டி முடிச்சதும் நல்லவிதமாச் சொல்லிட்டேன். 'அப்பா, இந்த ஒரு கதவுக்காக ரெண்டு பஸ் ஏறி இனி வராதீங்க. இங்கேயே ஆள் பார்த்துக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க'ன்னேன். கொஞ்ச நேரம் இழைப்புளியைத் துணியால் துடைச்சுக்கிட்டே இருந்தார். அப்பறம் 'சரி கண்ணு'ன்னார். அவருக்கும் முடியலை போல, நானே சொன்னது நல்லதாப் போச்சுன்னு நினைச்சிருப்பார்.

அதுக்கப்பறமும் மழை விடலை, கார்த்திகை பூரா ஊத்துச்சு. போன் பண்ணுவார். 'அங்கே மழையா கண்ணு?' 'ஆமாப்பா.' 'கதவு பிடிக்குதா?' 'இல்லப்பா, நல்லாருக்கு. விரலால் தள்ளினா மூடிக்குது.' பிடிக்கத்தான் செஞ்சது. இப்ப நீங்க உதைச்சீங்களே, அப்படித்தான் நானும் உதைச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஆனா பிடிக்குதுன்னு சொன்னா, அந்த இருமலோட பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரே! அதனால எப்பக் கேட்டாலும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'தான். மாசியில் ஒரு நாள் காலையில் எழுந்திரிக்கலை. பக்கத்து வூட்டுக்காரங்கதான் பார்த்துட்டுச் சொன்னாங்க. எனக்கு ஒரே ஆறுதல், கடைசிக் காலத்துல அவரை அலைய விடலை. ஓய்வா இருந்தார்.

சரி, நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க பாருங்க. கீழே பிடிக்குதா, பக்கத்துலயா? இந்த ஓரத்துலதானே? ம்... என்ன தடவித் தடவிப் பார்க்கறீங்க? ஆமாங்கண்ணா, எல்லாம் அவர் இழைச்சதுதான். வேற ஆள் கை படலை. அப்படியா? கண்ணாடி மாதிரி இருக்கா? கை நடுங்கினவர் இழைப்பு இல்லைங்கறீங்க. ஆனா பிடிக்குதே?

ஓ. சந்து விடலை. ஒரு ரூபாய்க் காசு கனம் கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இடம் விடணும். ஆமா, அதை எங்கப்பாவே சொல்வாரே! 'மரம் ஊறினா ஒதுங்கறதுக்கு இடம் வேணும் கண்ணு'ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். மறந்துட்டார் போல. வயசாச்சுல்லங்கண்ணா. அதான் சொன்னேனே, கை போனா...

ஜன்னலா? ஜன்னல் பிடிக்காதுங்கண்ணா. ஒரு மழைக்கும் பிடிச்சதில்லை. நீங்களே இழுத்துப் பாருங்க, சஷ்மி திறப்பா. அதுவும் அப்பா செஞ்சதுதான். அதே மரந்தான். அதே வருஷந்தான். ஒண்ணா வந்தது, ஒரே லாரியில்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் சரியாக் காசு கனம் விட்டிருக்குதா?

எல்லாத்துக்குமா?

இருங்க. அடுப்புல பால் இருக்கு, நிறுத்திட்டு வந்துடறேன்.

ம். சொல்லுங்கண்ணா. என்னவோ சொல்ல வந்தீங்களே. வேணும்னே செஞ்சதுங்கறீங்களா? தெரிஞ்சே விட்டு வெச்ச வேலைங்கறீங்களா? மழை விட்டதும் மூடற அளவுக்கு மட்டும் எடுத்திருக்கார், அதுக்கு மேல ஒரு இழை எடுக்கலை... நீங்க பார்த்ததை நீங்க சொல்றீங்க. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? அப்ப கதவு மோசம்னு உங்களால சொல்ல முடியாது. முடியாதுதான். தொழில்காரர் வாயில அது வராது, எங்கப்பாவுக்கும் வராது.

நீங்க பேச வேண்டாங்கண்ணா. நானே பேசிக்கறேன். நீங்க பக்கத்துல சும்மா இருங்க, சுத்தியல்ல ரெண்டு தட்டுத் தட்டுங்க, அவளுக்குக் கேக்கட்டும்.

ஹலோ. அக்கா, நான்தான். வெச்சிடாதே, வெச்சிடாதே. கதவு பார்க்க ஆசாரி வந்திருக்கார். ஆமா, அந்தக் கதவுதான். சத்தம் கேக்குதா? கேளு, ரொம்ப மோசமான கதவாம். மரமே சரியாக் காயலையாம், ஈரத்தோட செஞ்சிட்டாராம். அட, அப்பாதான்! எனக்கு மட்டும் சொல்றதுக்கு ஆசையா? வயசாயிடுச்சில்லக்கா, கை போயிடுச்சு. ஆள் வந்து பார்க்கலைன்னா ஒரு மழை தாங்காதாம். அதுக்குத்தான் அப்பா வந்திருக்கார். வேற ஒண்ணும் இல்லை. உன் வூட்டுக் கதவெல்லாம் நல்லதாப் போச்சு, இல்லைன்னா உன் வூட்டுலதான் கிடந்திருப்பார்... ஏய், பூங்கொடி. அழுவாதே. அழுவாதேடி. சரி, என்னைத் திட்டு. இன்னும் நல்லாத் திட்டு. வர்றியா? எப்ப? மாமாவும் வரட்டும். பசங்களைக் கூட்டிட்டு வா. இருந்துட்டுப் போ. சரி. சரிக்கா.

வர்றாளாம். ஞாயித்துக்கெழமை. 'வக்கத்த கதவை வெச்சுக்கிட்டு எங்கப்பனை அலைய விட்டியேடி'ன்னு திட்டறா. திட்டினாச் சரியாப் போச்சுன்னு அர்த்தம்ங்கண்ணா, அவ குணம் அது.

அப்படிப் பார்க்காதீங்க. செத்தவருக்கு வேலை கெட்டுப் போனதா ஒருத்தி நினைச்சா என்ன குறைஞ்சுடும்? அவளுக்குத் தூக்கம் வரும். எங்கப்பா இருந்தா அவரே, 'ஆமா, என் கைதான் கெட்டுப் போச்சு'ன்னு சொல்லியிருப்பார்.

நீங்க கழட்டுங்க. நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கறேன், எனக்குப் பழக்கம்தான். சஷ்மி, தள்ளிப் போ சாமி. ஆங், விட்டுடுச்சு. சாய்ச்சு வைங்க. காசு கனத்துக்கு எடுத்துடுங்க, இனி உதைக்க வேண்டாம். இன்னைக்கே மாட்டிடுவீங்களா? மத்தியானத்துக்குள்ளேயேவா? சரி, நல்லது.

அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இழைச்சுக்கிட்டே சொல்லுங்க. இவ்வளவுதான் எடுத்திருக்கோம், மழை வந்தாப் பிடிச்சே தீரும்னு செஞ்சவருக்குத் தெரியுமில்ல? வெளியே மழை கொட்டறப்ப, 'பிடிக்கலைப்பா, நல்லாருக்கு'ன்னு நான் போன்ல சொன்னா, அவர் நம்பியிருப்பாரா?